கண்ணாடியில் எண்பத்தொன்று

மாஸ்டருக்கு மணி பார்க்கத் திரும்ப வேண்டியதில்லை. பின்சுவரில் தொங்கும் கடிகாரத்தை எதிரே இருக்கும் கண்ணாடியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். மூன்று மணியைக் கண்ணாடி ஒன்பதாகக் காட்டும். நாற்காலியில் இருப்பவர் பதறுவார். மாஸ்டர் பதற மாட்டார். முப்பது வருஷமாக முடி வெட்டுகிறவருக்கு உலகத்தில் பாதி கண்ணாடி வழியாகத்தான் வந்து சேர்கிறது. அதை நேராக்கிக்கொள்ள மூளைக்குத் தெரியும்.

அதே பின்சுவரில் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று ஓர் அட்டை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அது இடம் வலம் மாறிப்போன கோலம் மாதிரிதான் தெரியும். அதனால்தானோ என்னவோ, அந்தச் சட்டத்தை அந்தக் கடையில் யாரும் மதித்ததில்லை. மாஸ்டரே மதித்ததில்லை.

தேர்தல் அறிவித்த வாரத்தில், அட்டைக்கு மேலே ஒரு டிவியும் வந்து சேர்ந்தது. மூன்று மாதமாக மாஸ்டர் தேர்தலைத்தான் சாப்பிட்டார், தேர்தலைத்தான் தூங்கினார். யார் எங்கே பேசினார், எந்தத் தொகுதியில் யார் முறைத்துக்கொண்டார் எல்லாம் அத்துப்படி. இந்த முறை ஆட்சி மாற வேண்டும் என்று அவர் கடவுளிடமே சொல்லி வைத்திருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிய சீட்டு இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது. “இல்லாததைக்கூட மன்னிச்சிடலாம். நிறைய இருக்குன்னு டிவியில பொய் சொல்றாங்க பாரு, அதுதான் பொறுக்கல” என்பார்.

அவர் மனைவி வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவர். அவர் ஆளுங்கட்சி. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவர்கள் காலத்தில்தான். “குழாயைத் திறக்கும்போது மட்டும் எங்க கட்சி இனிக்குதாக்கும்?” என்று கேட்பார். ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு பேரும் ஒன்றாக நடந்துபோய், ஆளுக்கொரு பக்கம் குத்திவிட்டு, ஒன்றாகத் திரும்பி வருவார்கள். “நம்ம ரெண்டு ஓட்டும் ஒண்ணை ஒண்ணு முழுங்கிடுது. பேசாம வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்று திரும்பும் வழியில் யாராவது ஒருவர் சொல்வது வழக்கம். ஆனாலும் வீட்டில் இருந்ததில்லை.

வாக்கு எண்ணும் நாள் காலை. பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் பள்ளிக்கூட வாட்ச்மேன் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஆளுங்கட்சிக்கு உயிரை விடுகிறவர். அவருடைய மீசை காதுவரைக்கும் போகவில்லை. போக ஆசைப்பட்டது மட்டும் பார்த்தவுடன் தெரியும். பிள்ளைகளுக்கு அவர் மீசை மாமா. முதல் நாள் பள்ளிக்கு வந்து, அம்மாவை விடாமல் கதறும் சின்னதுகளை அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து கூப்பிடுவார். “தொட்டுப் பாரு, கடிக்காது.” தொட்டுப் பார்த்த பிள்ளை அழுகையை மறந்து உள்ளே போய்விடும். அந்த மீசைக்கு மாஸ்டர் பதினைந்து வருஷமாகக் கத்தரி பிடிக்கிறார்.

பின்னால் பெஞ்சில் இரும்புக் கடை முதலாளி கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கடை இருக்கும் கட்டடம் அவருடையது. தினமும் காலையில் வந்து ஓசிப் பேப்பர் படிப்பதை அவர் வாடகையோடு சேர்ந்த உரிமையாக நினைத்தார். தேர்தலில் அவரும் மாஸ்டர் பக்கம்தான்.

டிவி ஓடியது, சத்தம் இல்லை. கையில் கத்தி இருக்கும்போது காதில் கத்தல் கூடாது என்பது மாஸ்டரின் கொள்கை. வாட்ச்மேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகம் முழுக்க நுரை.

“என்ன மீசை, உங்க ஆளுங்க மூட்டை கட்டியாச்சா?” என்று ஆரம்பித்தார் முதலாளி.

வாட்ச்மேன் கண்ணைச் சுருக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே ஆளுங்கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்துக்குக் கீழே 81. எதிர்க்கட்சித் தலைவருக்குக் கீழே 18.

உண்மையில் திரையில் இருந்தது ஆளுங்கட்சிக்கு 18, எதிர்க்கட்சிக்கு 81. எட்டும் ஒன்றும் கண்ணாடியில் உருமாறாத இலக்கங்கள்; இடம் மட்டும் மாறிக்கொள்ளும். முகம் முகமாகவே தெரியும். பதினெட்டு எண்பத்தொன்றாகிவிடும்.

“மூட்டை கட்டுறது யாருன்னு சாயங்காலம் தெரியும் முதலாளி!” வாட்ச்மேன் நுரைக்குள்ளிருந்து சிரித்தார்.

“அடேங்கப்பா! எதை வச்சு இந்தத் தைரியம்?”

“கண்ணு இருக்கே, அதை வச்சுத்தான்.”

“பந்தயம் கட்டுவியா?”

“கட்டுறேன். தோத்தவன் பாதி மீசையை எடுத்துட்டு ஏழு நாள் ஊர் முன்னால நடமாடணும். சம்மதமா?”

“எனக்குச் சம்மதம். உனக்குத்தான்யா நஷ்டம். உன்னுதுல பாதி எடுத்தா ஒரு தலையணை தைக்கலாம்.”

“உங்களுதுல பாதி எடுத்தா வித்தியாசமே தெரியாது. அதான் முதலாளி என் கவலை!”

கடையே சிரித்தது. முதலாளியின் மீசை பென்சிலால் கோடு இழுத்தது போல்தான் இருக்கும்.

“யார் எடுக்கிறது?” என்றார் முதலாளி.

“மாஸ்டர் இருக்காரே.”

“என் கையாலேயே எடுத்து விடறேன். கூலி வேண்டாம்” என்றார் மாஸ்டர், எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்துக்கொண்டு.

அவருக்குத் தெரியும். வாட்ச்மேனின் கண் எங்கே போனது, எதைப் படித்தது, எப்படித் தப்பாகப் படித்தது என்று அவருக்கு மட்டும் தெரியும். 'அண்ணே, திரும்பிப் பாருங்க.' மூன்றே சொல். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்று காலை மாஸ்டரின் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஏங்கினது கண்ணெதிரே நடக்கும்போது, எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் தானாகப் போய்ப் பள்ளத்தில் விழுவதைப் பார்க்க ருசியாக இருந்தது. நாக்கு அந்த ருசியில் நின்றுவிட்டது.

சவரம் முடிந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, வாட்ச்மேன் திரும்பினார். திரை 24, 97 என்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், அதுக்குள்ள மாறிடுச்சா?”

“ம்” என்றார் மாஸ்டர், கத்தியைத் துடைத்தபடி.

மத்தியானம் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

“ஜெயிச்சவங்களுக்குப் பசிக்காதோ?” என்றார் மனைவி, தையல் எந்திரத்தை நிறுத்தாமலே. “தோத்த நானே ரெண்டு தடவை சாப்பிட்டுட்டேன்.”

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். எந்திரம் நின்றது.

“அந்த ஆளா? அவர் பொண்ணு ஏழாவது படிக்குது, அதே பள்ளிக்கூடத்துல. போன வாரம்தான் பாவாடைக்கு அளவு எடுத்தேன். தினமும் அவர் நிக்கிற வாசல் வழியாத்தானே அது உள்ள போகணும்.”

எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. மாஸ்டர் கையைக் கழுவிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். வழக்கமாக நன்றி சொல்ல வேண்டிய நாள். நன்றி வரவில்லை. மூன்று மாதமாக அவர் கடையில் பேசின பேச்சு எல்லாம் ஒன்றுதானே: பெரிய இடத்தில் இருப்பவர்கள் தெரிந்தே உண்மையை மறைக்கிறார்கள், ஏழை ஏமாறுகிறான். மாத்திரை இல்லை என்ற உண்மையை அவர்கள் மறைத்தார்கள். அவர் மறைத்தது வெறும் பதினெட்டு. மறைக்கிற ஆள்தான் மாறியிருக்கிறானா? இதற்கா நான் உன்னிடம் ஆட்சி மாற்றம் கேட்டேன் என்று அவர் கடவுளிடம் கேட்டார். கடவுள் அவரையே திருப்பிக் கேட்பதுபோல் இருந்தது.

நாலு மணிக்கு முடிவு அறிவித்துவிட்டார்கள். ஆட்சி மாறிவிட்டது. தெருவெல்லாம் விசிலும் ஆட்டமும். ஐந்து மணிக்கு முதலாளி பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு கடைக்குள் நுழைந்தார். எல்லார் கையிலும் கைப்பேசி. பந்தயச் செய்தி ஊர் முழுக்கப் போயிருந்தது.

“வருவானா?” என்றான் ஒருவன்.

“வரமாட்டான். அவங்க கட்சியே ஓடிப்போச்சு, இவன் நிப்பானா?”

வாட்ச்மேன் வந்தார். தோய்த்த சட்டை போட்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“எடுங்க மாஸ்டர். வாக்குன்னா வாக்கு.”

“பொண்ணுகிட்ட சொன்னீங்களாண்ணே?” மாஸ்டர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சொல்லிட்டேன். ஒரு வாரம் பின்பக்கக் கேட் வழியாப் போயிக்கிறேன்ப்பான்னு சொல்லிடுச்சு.” வாட்ச்மேன் சிரிக்கப் பார்த்தார். “பின்பக்கம் சேறு. செருப்பு வீணாப் போகும்னுதான் யோசிக்கிறேன்.”

மாஸ்டர் கத்தியில் புது பிளேடை மாட்டினார். பிறகு அதை மடக்கி மேஜைமேல் வைத்தார்.

“நான் எடுக்க மாட்டேன்.”

கூட்டத்தின் விசில் நின்றது. “என்னது?” என்றார் முதலாளி.

“இந்தப் பந்தயம் செல்லாது முதலாளி. அண்ணன் காலையில டிவியைப் பார்க்கல, கண்ணாடியைப் பார்த்தாரு. பதினெட்டு அவருக்கு எண்பத்தொண்ணாத் தெரிஞ்சுது. அதை நம்பித்தான் வாயைக் கொடுத்தாரு. எனக்கு அது அப்பவே தெரியும். தெரிஞ்சே சும்மா இருந்தேன். மாறிடுச்சான்னு கேட்டாரு, அதுக்கும் 'ம்'முன்னேன்.”

வாட்ச்மேன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். “தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்ணே.”

“பதினஞ்சு வருஷமா உங்க கத்திக்குக் கழுத்தைக் காட்டிட்டு உட்கார்றேன் மாஸ்டர்.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளிக்குப் பொறுமை போனது. “கதை நல்லாருக்கு. கண்ணு தெரியாதவன் பந்தயம் கட்டினா அதுக்கு நானா பொறுப்பு? ஊரே கூடியிருக்கு. நம்ம ஜெயிச்ச நாளுய்யா இது! நீ யார் பக்கம்?”

“உங்க பக்கம்தான். ஓட்டும் அங்கதான் போட்டேன், நாளைக்குத் தேர்தல் வச்சாலும் அங்கதான் போடுவேன். ஆனா ஒரு மனுஷனை அவமானப்படுத்தறதுக்கு நான் ஓட்டுப் போடல.”

“இந்தக் கடை யாரோடது, ஞாபகம் இருக்கா?”

“சுவரு உங்களோடது முதலாளி. கத்தி என்னோடது.”

“அப்படியா?” முதலாளியின் குரல் இறங்கியது. அது கத்தினதைவிட மோசமாக இருந்தது. “மாசக் கடைசியில சாவியைக் கொண்டுவந்து கொடுத்துடு.”

“கொடுத்துடறேன்.”

சொன்ன பிறகுதான் மாஸ்டருக்கு அதன் கனம் உறைத்தது. முப்பது வருஷக் கடை. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. அதைக் கூப்பிட அவருக்கு மனமும் இல்லை.

கூட்டத்தில் ஒருவன், “இவர் எதுக்கு? நான் எடுக்கிறேன்” என்று கத்தியை நோக்கிக் கையை நீட்டினான். மாஸ்டர் முந்திக்கொண்டார். கத்தியை எடுத்து, மறு கையால் பிரஷ்ஷை நுரையில் தோய்த்து, தன் மேலுதட்டின் ஒரு பாதியில் பூசினார்.

“மாஸ்டர், வேண்டாம்” என்று எழுந்துவிட்டார் வாட்ச்மேன்.

“உன் மீசையை யாருய்யா கேட்டா?” என்றார் முதலாளி.

“யாரும் கேட்கல. பேச வேண்டிய நேரத்துல இந்த வாய் மூடிக்கிச்சு. அதுக்கு மேல இருக்கிறது பாதியாவது போகட்டும்.”

மூன்று இழுப்பு. நரைத்த மயிர் நுரையோடு துண்டில் விழுந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தார்கள்.

“எடுங்கப்பா, நல்லா எடுங்க” என்று மாஸ்டர் வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்றார். “ஏழு நாள் இப்படித்தான் இருப்பேன். இன்னைக்குச் சரியா விழலேன்னா நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்.”

சிரிக்க வந்தவர்களுக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை. ஒவ்வொருவராகத் தெருவுக்கு நழுவினார்கள். முதலாளி கடைசியாகப் போனார். வாட்ச்மேன் மூக்குக்கண்ணாடியை மாட்டி, மாஸ்டரின் முகத்தை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. படியிறங்கிப் போனார். அது நியாயம்தான் என்று மாஸ்டருக்குப் பட்டது.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி, ஒரு கையால் கணவரின் முகத்தில் பாதியை மறைத்தார். கையை மாற்றி மறுபாதியை மறைத்தார்.

“மீசை இல்லாத பக்கம் பரவாயில்லைங்க. பொண்ணு பார்க்க வந்தப்போ இருந்த மாதிரி இருக்கு.”

“கடை போச்சும்மா.”

“நாற்காலி நம்முதுதானே?”

“நாற்காலி நம்முது.”

“அப்போ எங்க போட்டாலும் கடைதான். கையைக் கழுவிட்டு வாங்க. மத்தியானச் சோறு அப்படியே இருக்கு.”

மறுநாள் காலை, தைத்து முடித்த சீருடைக் கட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோக மனைவி கிளம்பினார். மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டார்.

“இந்த மூஞ்சியோடயா? பின்பக்கமாப் போய்க் கொடுத்துட்டு வாங்க.”

“முன்பக்கமாத்தான் போவேன்.”

பள்ளி வாசலில் கூட்டம் மொய்த்தது. மாஸ்டரைப் பார்த்ததும் ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் பத்துப் பிள்ளைகள். கொண்டுவிட வந்த அப்பாக்கள் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஒருவர் விரலைக்கூட நீட்டினார். மாஸ்டர் துண்டை எடுத்து வாயை மூடவில்லை. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி நடந்தார். வாசலில் வாட்ச்மேன், முழு மீசையோடு, வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். அவரைத் தாண்டி முன்வாசல் வழியாகவே ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். செருப்பில் சேறு இல்லை.

ஒரு சின்னது வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. “மீசை மாமா, அவரோட இன்னொரு பாதி மீசை எங்க?”

வாட்ச்மேன் மாஸ்டரைப் பார்த்தார். நேற்றுப் பார்த்த அதே நேரான பார்வை. பிறகு குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் கையை எடுத்துத் தன் மீசையில் வைத்தார்.

“எனக்குக் கொடுத்துட்டாரு. இந்தா, இந்தப் பக்கம் இருக்கு பாரு, அது அவரோடது.”

பிள்ளை தொட்டுப் பார்த்து, நம்பி, உள்ளே ஓடிவிட்டது. வாட்ச்மேன் எழுந்து, “கொண்டாங்க மாஸ்டர், கனமா இருக்கும்” என்று மூட்டைக்குக் கை நீட்டினார்.

கடைக்குத் திரும்பிய மாஸ்டர் முதல் வேலையாகப் பின்சுவரிலிருந்து டிவியைக் கழற்றினார். ஸ்டூலைப் போட்டு ஏறி, எதிர்ச்சுவரில் கண்ணாடிக்கு மேலே ஆணி அடிக்கத் தொடங்கினார். மாதக் கடைசிவரைக்கும் கடை அவருடையதுதானே.

சத்தம் கேட்டு முதலாளி வாசலுக்கு வந்துவிட்டார். “என் சுவருல யாரைக் கேட்டு ஆணி அடிக்கிற?”

“யாரையும் கேட்கல முதலாளி.” மாஸ்டர் திரும்பாமல், கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். “உட்கார்றவங்களுக்கு நேராத் தெரியணும். யாரு ஜெயிச்சாலும்.”

இன்னும் இரண்டு அடி அடித்து, டிவியை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். புதிய அமைச்சரவை பற்றி யாரோ சத்தமில்லாமல் பேசினார்கள். மாஸ்டர் ஸ்டூலிலிருந்து இறங்கி, பாதி மீசையோடு, துண்டை உதறி நாற்காலியில் விரித்தார்.

முதலாளி வாசலிலிருந்தே டிவியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சாவியைப் பற்றி அன்று அவர் பேசவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை.